ஆளில்லாம சர்வருக்கு ஓஎஸ் ஏத்துறது: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு வாசகர், நாற்பது சர்வருக்கு பென் டிரைவை மாத்தி மாத்திச் சொருகி ரெண்டு நாள் தூங்காம ஓஎஸ் போட்டதை எழுதியிருந்தாரு. நெட்வொர்க் வழியா போட்டிருந்தா ஒரு மத்தியானத்துல முடிஞ்சிருக்குமேன்னு நாலே வரியில பதில் போட்டேன். அந்த நாலு வரிக்கு வந்த மெயில்கள் குவிஞ்சு கிடக்கு, பாதிப் பேர் எப்படின்னு கேக்குறாங்க, மீதிப் பேர் முயற்சி பண்ணி பாதியில நிக்குறாங்க. அதனால இந்த மாசம் பூரா இது ஒண்ணுதான்.

கேள்வி: ஓஎஸ்ஸே இல்லாத மெஷின் நெட்வொர்க்ல எப்படி சார் பேசும்? பேசணும்னா நெட்வொர்க் டிரைவர் வேணும், டிரைவர் ஓடணும்னா ஓஎஸ் வேணும். எங்க லேப்ல கேட்டா பிக்ஸின்னு ஒண்ணு இருக்கு, அது பாத்துக்கும்னு சொல்லிட்டாங்க. - கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாம் வருஷ மாணவி, திருநெல்வேலி

பதில்: சரியான எடத்துல கை வெச்சிருக்கம்மா. நெட்வொர்க் கார்டுலயோ மதர்போர்டு ஃபர்ம்வேர்லயோ (பழசுல பயாஸ், புதுசுல யூஇஎஃப்ஐ) ஒரு சின்ன புரோகிராம் ஏற்கனவே எழுதியே வருது, அதுல அந்தக் கார்டை ஓட்டுற அளவுக்கு ஒரு குட்டி டிரைவர் இருக்கு. பிக்ஸின்னு நாம கூப்பிடுறது பிஎக்ஸ்இ, இன்டெல் கொண்டுவந்த முறை, இன்னிக்கும் எல்லாரும் அடிப்படையா வெச்சிருக்கிற 2.1 ஆவணம் 1999ல வந்தது. ஐபி முகவரி குடுக்குற டிஹெச்சிபி, ஃபைல் அனுப்புற டிஎஃப்டிபின்னு ஏற்கனவே இருந்த ரெண்டு பழைய நெறிமுறையைத்தான் அது ஒண்ணா கோத்துக்கிச்சு.

பவர் பட்டனை அழுத்தினதும் நடக்குறதை வரிசையா பாரு. கார்டு மொதல்ல "யாராவது எனக்கு ஐபி குடுங்க, நான் பிக்ஸி ஆளு"ன்னு அந்த நெட்வொர்க் முழுக்கக் கேக்கற மாதிரி கத்தும், டிஹெச்சிபி சர்வர் ஐபி குடுக்கும், கூடவே எந்த மெஷின்ல போய் எந்த ஃபைலை எடுக்கணும்னும் சொல்லும், அதுதான் 66, 67ம் நம்பர் ஆப்ஷன். கார்டு அங்க போய் டிஎஃப்டிபி வழியா ஒரு பூட்லோடரை, அதாவது ஓஎஸ்ஸைத் தொடங்கி வைக்குற சின்ன புரோகிராமை, எடுத்து ஓட்டும். பூட்லோடர் கெர்னலையும் (ஓஎஸ்ஸோட மையம்) இனிட்ஆர்டியையும் (கெர்னல் தொடங்கத் தேவையான ஃபைல் மூட்டை) எடுத்துட்டு வந்து கெர்னல் கையில பொறுப்பைக் குடுத்துட்டு ஒதுங்கிக்கும். அந்தக் கெர்னல் தன் சொந்த டிரைவரை ஏத்தி, திரும்பவும் முதல்ல இருந்து ஐபி கேக்கும். ஐபி கெடைச்சதும் ஹெச்டிடிபில போய் பதில் ஃபைலை எடுக்கும், ரெட் ஹேட் வகையறால அதுக்குப் பேரு கிக்ஸ்டார்ட். டிஸ்கை எப்படி பிரிக்கணும், என்ன பேக்கேஜ் போடணும், நேரம் எந்த ஊரு நேரம், எல்லாமே அதுல எழுதியிருக்கும், இன்ஸ்டாலர் யாரையும் ஒரு கேள்வி கேக்காம போட்டு முடிச்சு ரீபூட் பண்ணிக்கும்.

இதுல ஒண்ணை மட்டும் மனசுல நல்லா பதிய வெச்சுக்கோ. ஐபி கேக்குறது ஒரே தடவை இல்ல. ஃபர்ம்வேர் ஒரு தடவை கேக்குது, நடுவுல ஐபிக்ஸின்னு இன்னொரு பூட்லோடர் வெச்சிருந்தா அது ஒரு தடவை கேக்குது, இன்ஸ்டாலர் கெர்னல் ஒரு தடவை கேக்குது. மூணும் வேற வேற புரோகிராம், வேற வேற டிரைவர், வேற வேற பொறுமை. முதல் ஆளுக்கு ஐபி கெடைச்சுதுங்கறதால மூணாவது ஆளுக்கும் கெடைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. இந்த மாசம் வந்த மெயில்ல பாதி இந்த ஒரு விஷயம் தெரியாததாலதான் வந்திருக்கு.

கேள்வி: அண்ணே, மேசை மேல ஒரு சின்ன சுவிட்ச் வெச்சு டெஸ்ட் பண்ணா பக்காவா ஓடுது. அதே சர்வரை ரேக்ல ஏத்தி மெயின் சுவிட்ச்ல கனெக்ட் பண்ணா பிஎக்ஸ்இ-இ51ன்னு வந்து நிக்குது. ஒரு வாரமா டிஹெச்சிபி கான்ஃபிக்கையே மாத்தி மாத்திப் பாக்குறேன். - டேட்டா சென்டர்ல நைட் ஷிஃப்ட் பாக்குறவர், அம்பத்தூர்

பதில்: டிஹெச்சிபி கான்ஃபிக்ல கை வைக்காதீங்க தம்பி, மேசை மேல ஓடுச்சுன்னா அது சரியாத்தான் இருக்கு. இ51ன்னா எனக்கு யாருமே ஐபி குடுக்கலன்னு அர்த்தம். இ53ன்னா ஐபி கெடைச்சுது, ஃபைல் பேரு வரல. இ32ன்னா ஃபைல் பேரு வந்துச்சு, போய்க் கேட்டா டிஎஃப்டிபி பதில் பேசல. யூஇஎஃப்ஐ மெஷின்ல நம்பர் மாறும், இ16, இ18ன்னு வரும், ஆனா விஷயம் இதேதான். திரையில வர்ற அந்த நம்பரை எழுதி வெச்சுக்கிட்டா எந்த எட்டுல நிக்குதுன்னு பாதி புரிஞ்சுடும்.

உங்க விஷயத்துல மொதல் சந்தேகம் ஸ்பானிங் ட்ரீ, கேபிள் சுத்தி லூப் ஆகாம சுவிட்ச் பாத்துக்குற முறை. பெரிய சுவிட்ச்ல ஒரு போர்ட் மேல வந்ததும் உடனே டிராஃபிக் விடாது, லூப் இருக்கான்னு 15 செகண்டு கேட்டுக்கிட்டு இருக்கும், அப்புறம் 15 செகண்டு கத்துக்கும், ஆக 30 செகண்டு கதவு சாத்திக் கிடக்கும். சர்வர் அந்த 30 செகண்டுல கத்துறது எல்லாம் சாத்துன கதவுகிட்டதான். பிக்ஸி ஆவணப்படி 4, 8, 16, 32 செகண்டுன்னு விட்டு விட்டு மொத்தம் ஒரு நிமிஷம் காத்திருக்கணும், நிறைய ஃபர்ம்வேர் அதுக்கு ரொம்ப முன்னாடியே கை விட்டுடுது. அதோட முன்ன சொன்ன மாதிரி ஃபர்ம்வேர் போய் கெர்னல் வரும்போது கார்டு ரீசெட் ஆகி லிங்க் ஒரு நொடி விழுந்து எந்திரிக்கும், சுவிட்ச் திரும்ப முதல்ல இருந்து 30 செகண்டு எண்ண ஆரம்பிக்கும். அதனாலதான் சிலருக்கு பூட்லோடர் வரைக்கும் வந்துட்டு கிக்ஸ்டார்ட் எடுக்குற எடத்துல நிக்குது. சர்வர் போர்ட்டுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்குற போர்ட்ஃபாஸ்ட் போடச் சொல்லுங்க, இன்னொரு சுவிட்ச் மாட்டுற போர்ட்டுக்கு மறந்தும் போடக்கூடாது.

அதுக்கும் மசியலன்னா ரெண்டு கேபிளையும் ஒரே லைனா சேக்குற எல்ஏசிபி போட்டிருக்காங்களான்னு கேளுங்க. இது கண்ணுக்கே தெரியாத வில்லங்கம். சுவிட்ச் அந்தப் பக்கத்துல இருந்து எல்ஏசிபி பேச்சு வரணும்னு எதிர்பாக்கும், ஓஎஸ் வந்தாத்தானே சர்வர் எல்ஏசிபி பேசும், பேச்சு வராததால சுவிட்ச் ரெண்டு போர்ட்டையும் மூடி வெச்சுடும், போர்ட் மூடினதால ஓஎஸ் வராது. இதுக்கு நிறைய சுவிட்ச்ல வழி இருக்கு, பேருதான் வேற. அரிஸ்டால ஃபால்பேக், ஜூனிப்பர்ல ஃபோர்ஸ்-அப், சிஸ்கோ நெக்ஸஸ்ல சஸ்பெண்ட்-இண்டிவிஜுவலை நிறுத்தணும். நெட்வொர்க் டீம்கிட்ட "டிஹெச்சிபி வரல"ன்னு சொல்லாதீங்க, "ஓஎஸ் வர்றதுக்கு முன்னாடி எல்ஏசிபி இல்லாம ஒரு போர்ட் மட்டும் தொறந்து இருக்கணும்"னு சொல்லுங்க, உடனே புரிஞ்சுக்குவாங்க.

இன்னும் ரெண்டு இருக்கு. சர்வர் வேற விலான்ல (சுவிட்சுக்குள்ள பிரிச்சு வெச்ச தனி நெட்வொர்க்), டிஹெச்சிபி வேற விலான்ல இருந்தா நடுவுல அந்தக் கேள்வியைக் கடத்தி விடுற ரிலே வேணும், அந்தக் கத்தல் ரூட்டரைத் தாண்டாது. அப்புறம் அந்த போர்ட்ல எல்லா விலானும் டேக் (விலான் நம்பர்) போட்டுத்தான் வருதுன்னா பிக்ஸிக்கு வேலை செய்யாது, சாதாரணமா அது டேக் இல்லாமத்தான் பேசும், இன்ஸ்டால் விலான் நேட்டிவா, அதாவது டேக் இல்லாம இருக்கணும்.

இதை எல்லாம் ஊகத்துல பண்ண வேணாம். டிஹெச்சிபி சர்வர்ல பாக்கெட்டைக் காட்டுற டிசிபிடம்ப்பை டிஹெச்சிபியோட 67, டிஎஃப்டிபியோட 69 ரெண்டு போர்ட்டுக்கும் போட்டு விட்டுட்டு சர்வரை ஆன் பண்ணுங்க. டிஸ்கவர் (ஐபி கேக்குற கத்தல்) வருதா? வரலன்னா சுவிட்ச் பக்கம் போங்க. டிஸ்கவர் வந்து ஆஃபர் (ஐபி தர்றேங்கற பதில்) போயிட்டு திரும்ப டிஸ்கவரே வருதுன்னா உங்க ஆஃபர் அங்க போய்ச் சேரல, இல்ல அதுக்குப் புடிக்கல. 69க்கு ஒரு பாக்கெட் வந்துட்டு அப்புறம் அமைதியா இருக்குன்னா நடுவுல ஃபயர்வால் இருக்கான்னு பாருங்க, ஏன்னா டிஎஃப்டிபி கேள்வி மட்டும்தான் 69க்கு வரும், பதில் வேற ஒரு புது போர்ட்ல இருந்து கெளம்பும், 69ஐ மட்டும் தொறந்து வெச்ச ஃபயர்வால் அந்தப் பதிலை அப்படியே முழுங்கிடும். நான் ஒரு வாரம் தேடுன ஒரு பிரச்சனை இந்த மூணு வரி டிசிபிடம்ப்ல அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கு.

கேள்வி: பிராஞ்ச் ஆபீஸ்ல இருக்கிற சர்வருக்கு ஹெட் ஆபீஸ்ல இருந்து பிக்ஸி பண்றோம். லைன் 100 எம்பிபிஎஸ், காலியாத்தான் இருக்கு, ஆனா இனிட்ஆர்டி இறங்கவே ஒன்றரை மணி நேரம் ஆகுது. லைன் குடுத்தவங்க எங்க பக்கம் தப்பு இல்லன்னு சொல்றாங்க. - சிஸ்டம் அட்மின், கோயம்புத்தூர்

பதில்: லைன் குடுத்தவங்க சொல்றது உண்மை. டிஎஃப்டிபி ஒரு துண்டு அனுப்பிட்டு வந்துச்சுன்னு பதில் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும், அப்புறம்தான் அடுத்த துண்டு. துண்டோட அளவு வழக்கமா 512 பைட். உங்க இனிட்ஆர்டி 100 எம்பின்னு வெச்சா 2,04,800 துண்டு. ஒரே ரூம்ல போய் வர 1 மில்லிசெகண்டுன்னா மூணரை நிமிஷம் கூட ஆகாது. உங்களுக்குப் போய் வர 30 மில்லிசெகண்டுன்னா 6,144 செகண்டு, அதாவது ஒரு மணி நேரம் 42 நிமிஷம். லைன் 100 எம்பி இருந்தா என்ன, 10 ஜிபி இருந்தா என்ன, இந்தக் கணக்கு மாறாது.

துண்டு அளவை 1468 வரைக்கும் ஏத்திப் பாக்கலாம், மூணுல ஒரு பங்கா குறையும், இருந்தாலும் அது ஒட்டுப் போடுற வேலைதான். டிஎஃப்டிபில பூட்லோடரை மட்டும் வெச்சுட்டு மீதி எல்லாத்தையும் ஹெச்டிடிபில எடுக்குறதுதான் சரியான வழி. ஐபிக்ஸி அதுக்குன்னே இருக்கு, 2010ல ஜிபிக்ஸில இருந்து பிரிஞ்சு வந்தது. கிரப்ங்கற பூட்லோடர் கூட ஹெச்டிடிபில எடுக்கும். புது சர்வரா இருந்தா யூஇஎஃப்ஐயிலேயே ஹெச்டிடிபி பூட் இருக்கும், 2015ல வந்த 2.5 பதிப்புல இருந்து அது உண்டு, டிஎஃப்டிபியே வேணாம்.

ஐபிக்ஸி வைக்கும்போது எல்லாரும் ஒரு தடவை விழுற குழி ஒண்ணு இருக்கு. ஃபர்ம்வேர் கேக்குது, டிஹெச்சிபி ஐபிக்ஸி ஃபைலைக் குடுக்குது, ஐபிக்ஸி ஓடி அதுவும் டிஹெச்சிபி கேக்குது, திரும்ப அதே ஐபிக்ஸி ஃபைலையே குடுக்குது, விடிய விடிய இதே சுத்து. கேக்குறவர் யூசர் கிளாஸ்ல ஐபிக்ஸின்னு சொன்னா ஸ்கிரிப்ட் முகவரியைக் குடு, இல்லன்னா ஐபிக்ஸியைக் குடுன்னு டிஹெச்சிபில ஒரு நிபந்தனை எழுதணும். அதே எடத்துல மெஷின் தன் வகையைச் சொல்ற 93ம் ஆப்ஷனையும் பாத்துக்கோங்க, 0ன்னா பழைய பயாஸ், 7ன்னா 64 பிட் யூஇஎஃப்ஐ, சில மெஷின் 9ன்னும் சொல்லும். பயாஸுக்கான ஃபைலை யூஇஎஃப்ஐக்கு குடுத்தா இறக்கிட்டு சத்தமில்லாம அடுத்த பூட் டிவைஸுக்குப் போயிடும், எர்ரர் கூட ஒழுங்கா சொல்லாது.

இன்னும் ஐஎஸ்சி டிஹெச்சிபிதான் வெச்சிருக்கீங்கன்னா அதோட பராமரிப்பை 2022 கடைசியில அவங்களே நிறுத்திட்டாங்க, அவங்களோட புது டிஹெச்சிபி சர்வரான கியாவுக்கு மாறுற வேலையை இதோட சேத்தே முடிச்சுடுங்க.

கேள்வி: கிக்ஸ்டார்ட்ல பார்ட்டிஷனை எல்லாம் அழிக்கிற கிளியர்பார்ட் ஆல் போட்டாத்தான் கேள்வி கேக்காம போகுது. ஆனா அதைப் பாத்தாலே பயமா இருக்கு. எங்க சர்வர்ல சான் ஸ்டோரேஜும் (தனி நெட்வொர்க் வழியா வர்ற வெளி டிஸ்க்) மாட்டியிருக்கு. இந்தப் பயம் நியாயம்தானா, இல்ல நான்தான் அதிகமா யோசிக்கிறேனா? - பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகி, ஓசூர்

பதில்: நியாயமான பயம்மா. அந்தப் பயம் போகவே கூடாது.

பத்து பன்னெண்டு வருஷம் முன்னாடி நான் வேலை பாத்த ஒரு எடத்துல, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பழைய டேட்டாபேஸ் சர்வருக்கு ஓஎஸ் மாத்துறோம். அதுக்கு முன்னாடி அதே கிக்ஸ்டார்ட்ல இருபது முப்பது சர்வர் போட்டாச்சு, ஒரு பிரச்சனையும் வரல. ஃபைல்ல எஸ்டிஏங்கற டிஸ்க்ல போடுன்னு எழுதியிருந்தேன். அந்த இருபது முப்பதுலயும் எஸ்டிஏங்கறது உள்ள இருக்கிற ரெய்டு டிஸ்க். இதுல மட்டும் ஃபைபர் கார்டு டிரைவர் முந்திக்கிட்டு ஏறிடுச்சு, சான்ல இருந்து வந்த லன் (அங்க பிரிச்சுக் குடுத்த டிஸ்க்) எஸ்டிஏ ஆயிடுச்சு, உள்ள இருந்த டிஸ்க் பின்னாடி போயிடுச்சு. இன்ஸ்டால் அழகா முடிஞ்சுது, பச்சை கலர்ல எல்லாம் சரின்னு வந்துச்சு, ரீபூட் ஆனதும் பழைய ஓஎஸ் எந்திரிச்சு வந்து லாகின் கேக்குது. என்னடா இது, போட்டது எங்க போச்சுன்னு ஒரு நிமிஷம் நின்னுட்டு, ஃபிடிஸ்க் அடிச்சுப் பாத்தப்போ வயித்துல புளியைக் கரைச்சுது. டேட்டாபேஸ் இருந்த எடத்துல ஒரு பூட் பார்ட்டிஷன், ஒரு ஸ்வாப், ஒரு ரூட். பேக்கப் டேப் இருந்துச்சு, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ரீஸ்டோர் ஓடுச்சு, அந்த ஒரு நாள் முழுக்க கீழ் தளத்துல பில்லிங் கவுன்ட்டர்ல பேனாவுல எழுதிக்கிட்டு இருந்தாங்க. நான் அந்த வழியா ரெண்டு தடவை நடந்து போனேன், யாரும் ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் ஞாபகம் இருக்கு.

அதனால சொல்றேன். எஸ்டிஏ, எஸ்டிபிங்கறது பேரு இல்ல, வரிசையில யாரு மொத வந்தாங்கங்கற நம்பர், அடுத்த பூட்ல மாறலாம். நான் அன்னியில இருந்து பண்றது இதுதான். ஓஎஸ் போட்டு முடிக்கிற வரைக்கும் அந்த சர்வருக்கு சான்ல ஜோனிங்கே (டிஸ்கைப் பாக்குற அனுமதி) குடுக்க மாட்டேன், இல்லன்னா ஃபைபர் கேபிளைக் கழட்டிடுவேன். இல்லாத டிஸ்கை எந்த ஃபைலும் அழிக்க முடியாது, இதுக்கு மேல ஒரு பாதுகாப்பு கெடையாது. ரெண்டாவது, இக்னோர்டிஸ்க் வரியில இந்த டிஸ்கை மட்டும் பாருன்னு சொல்லணும், அதையும் பை-ஐடி பேரால சொல்லணும், அந்தப் பேருல டிஸ்கோட அடையாளமே இருக்கும், வரிசை மாறினாலும் மாறாது. நூறு சர்வருக்கு நூறு ஐடி எழுத முடியாதுன்னா, கிக்ஸ்டார்ட்ல பிரீ பகுதின்னு ஒண்ணு இருக்கு, பார்ட்டிஷன் போடுறதுக்கு முன்னாடி ஓடும், அதுல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி டிஸ்கோட மாடலையும் அளவையும் பாத்து எதுன்னு முடிவு பண்ணி ஒரு ஃபைல்ல எழுதி இன்க்லூட் பண்ணிக்கலாம். ஒண்ணுக்கு ரெண்டு டிஸ்க் பொருந்துச்சுன்னாலோ எதுவுமே பொருந்தலன்னாலோ ஸ்கிரிப்ட் அங்கேயே நின்னுடணும். நூறுல தொண்ணூத்தெட்டு சர்வர் தானா முடிஞ்சு ரெண்டு நின்னா, அந்த ரெண்டை நீங்க போய் பாத்தா போதும்.

இன்னொண்ணு, பூட் மெனுவுல டீஃபால்ட்டா இன்ஸ்டாலை வைக்கவே வைக்காதீங்க. லோக்கல் டிஸ்க்ல பூட் ஆகுறதுதான் டீஃபால்ட்டா இருக்கணும். இன்னின்ன மேக் அட்ரஸுக்கு (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) மட்டும் இன்ஸ்டால்னு தனித்தனியா ஃபைல் வையுங்க, பிக்ஸிலினக்ஸ்ங்கற பூட்லோடர்ல 01ன்னு ஆரம்பிச்சு கோடு போட்டு மேக் அட்ரஸ் எழுதுன ஃபைல் இருந்தா டீஃபால்ட்டுக்கு முன்னாடி அதை எடுக்கும். யாரோ ஒருத்தர் லேப்டாப்பை அந்த விலான்ல சொருகி எஃப்12 அழுத்தினாக்கூட ஒண்ணும் ஆகக்கூடாது.

கேள்வி: இன்ஸ்டால் முடிஞ்சு ரீபூட் ஆனதும் திரும்ப இன்ஸ்டாலே ஆரம்பிக்குது சார், காலையில வந்து பாத்தா ராத்திரி முழுக்க ஏழெட்டு தடவை போட்டிருக்கு. - சேலம்

பதில்: பூட் வரிசையில நெட்வொர்க் மொதல்ல இருக்கு, பூட் மெனுவும் மாறல. மேல சொன்ன மேக் ஃபைலை, கிக்ஸ்டார்ட்ல இன்ஸ்டால் முடிஞ்சதும் ஓடுற போஸ்ட் பகுதியில கடைசி வரியா உங்க பூட் சர்வருக்கு ஒரு கர்ல் (ஹெச்டிடிபி கேள்வி அனுப்புற கட்டளை) அடிச்சு "முடிஞ்சுது"ன்னு சொல்ல வெச்சு, அந்தப் பக்கம் ஒரு ஸ்கிரிப்ட் அழிச்சுடணும். இந்த வேலைக்குன்னே இருக்கிற மென்பொருள்ல, காப்ளர்ல இது ஒரு செட்டிங்காவே இருக்கு, ஃபோர்மேன், மாஸ் ரெண்டும் தானாவே பாத்துக்கும்.

கேள்வி: எங்ககிட்ட ராக்கி லினக்ஸ், உபுண்டு, கொஞ்சம் விண்டோஸ் சர்வர் மூணும் இருக்கு. ஒரே பதில் ஃபைல்ல மூணையும் போட முடியுமா? உபுண்டுவுக்கு நான் எழுதினது எடுக்கவே மாட்டேங்குது, மொழி கேட்டு நிக்குது. - மென்பொருள் நிறுவன ஊழியர், மதுரை

பதில்: முடியாது. ராக்கி, அல்மாவுக்கு கிக்ஸ்டார்ட், டெபியனுக்கு பிரிசீட், சூசே 15 வரைக்கும் ஆட்டோயாஸ்ட், விண்டோஸுக்கு எக்ஸ்எம்எல்ல எழுதுற அன்அட்டெண்ட் ஃபைல், உபுண்டு சர்வர் 20.04ல இருந்து ஆட்டோஇன்ஸ்டால்னு யாமெல்ல எழுதணும். பழைய பிரிசீட் ஃபைலை புது உபுண்டுவுக்குக் குடுத்தா கண்டுக்கவே கண்டுக்காது.

மொழி கேட்டு நிக்குதுன்னா ஃபைல் அதுக்குப் போய்ச் சேரலன்னு அர்த்தம். மூணு எடத்துல பாருங்க. யூசர்-டேட்டா ஃபைலோட மொத வரி ஹேஷ் போட்டு கிளவுட்-கான்ஃபிக்னு இருக்கணும், பாக்கக் கமெண்ட் மாதிரி இருக்கேன்னு சிலர் எடுத்துடுறாங்க, அது இல்லன்னா மீதி முழுக்க வீண். ரெண்டாவது, பக்கத்துலயே மெட்டா-டேட்டான்னு ஒரு ஃபைல் இருக்கணும், காலியா இருந்தாலும் பரவால்ல, இருக்கணும். மூணாவதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க, கெர்னல் வரியில ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற நோகிளவுட்டுக்கு அப்புறம் ஒரு அரைப்புள்ளி வருமில்ல, கிரப் அதை ஒரு கட்டளை முடிஞ்சு அடுத்த கட்டளைன்னு எடுத்துக்கிட்டு அதோட வெட்டிடும், நீங்க எழுதுன முகவரி கெர்னலுக்கே போகாது. மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. பூட் ஆனப்புறம் ஷெல்லுக்குப் போய் பிராக் சிஎம்டிலைனைப் படிச்சா முகவரி முழுசா வந்திருக்கா வெட்டுப்பட்டிருக்கான்னு கண்ணுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

ராக்கி பக்கம் வேலை சுலபம். கையால ஒரு தடவை நீங்க விரும்புன மாதிரி போடுங்க, முடிஞ்சதும் ரூட் யூசரோட ஹோம் டைரக்டரில அனகோண்டா-கேஎஸ்னு ஒரு ஃபைல் கெடக்கும், நீங்க திரையில அழுத்துனது எல்லாம் அதுல எழுத்தா இருக்கும். அதைத் திருத்தி, கேஎஸ்வேலிடேட்டர்ல ஒரு தடவை ஓட்டிட்டு பயன்படுத்துங்க. அப்புறம் அந்த ஃபைலை கிட்ல (ஃபைலோட மாற்றங்களைப் பதிவு பண்ற கருவி) வைங்க. என் கணக்குல இந்த வேலையில கெடைக்குற பெரிய லாபம் அதுதான், நேரம் மிச்சமாகுறது அடுத்ததுதான். சர்வர் எப்படி கட்டுனதுங்கறது ஒருத்தர் தலைக்குள்ள இல்லாம ஃபைல்ல இருக்கு, அவர் வேலையை விட்டுப் போனாலும் அது அங்கேயே இருக்கும்.

கேள்வி: வீட்டு லேப்டாப்ல பழகணும். 8 ஜிபி ரேம்தான். விர்ச்சுவல் மெஷின்ல 1 ஜிபி குடுத்துப் பாத்தேன், எடமில்லன்னு சொல்லி நின்னுடுது, டிஸ்க் 40 ஜிபி குடுத்திருக்கேன். - வேலை தேடுற இளைஞர், தஞ்சாவூர்

பதில்: எடமில்லன்னு அது சொல்றது டிஸ்கை இல்ல தம்பி, ரேமை. பென் டிரைவ் இல்லாததால இன்ஸ்டாலர் முழுக்க ரேம்லதான் உக்காரும். ஹெச்டிடிபி வழியா போட 3 ஜிபி வேணும்னு ரெட் ஹேட் ஆவணமே சொல்லுது. உபுண்டு 22.04ஐ நெட்வொர்க்ல போட்டா ஐஎஸ்ஓ முழுசையும் ரேம்ல இறக்கும், அதுவே ரெண்டு ஜிபி பக்கம், அதனால அதுக்கு 4 ஜிபி குடுங்க. ஒரு மெஷினுக்கு 4, உதவி சர்வருக்கு 1, உங்க லேப்டாப்புக்கு மீதி, ஒண்ணொண்ணா ஓட்டினா 8 ஜிபி தாங்கும்.

டிஎன்எஸ்மாஸ்க்னு ஒரே புரோகிராம் போதும், டிஹெச்சிபி, டிஎஃப்டிபி ரெண்டும் அதுலயே இருக்கு. ஆனா விர்ச்சுவல் பாக்ஸ்ல இன்டர்னல் நெட்வொர்க்ல மட்டும் வெச்சு ஓட்டுங்க, பிரிட்ஜ் வேணாம். பிரிட்ஜ்ல போட்டா உங்க டிஹெச்சிபி வீட்டு வைஃபைக்கும் ஐபி குடுக்க ஆரம்பிச்சுடும், வீட்ல இருக்கிறவங்க போனெல்லாம் நெட் இல்லாம நிக்கும். நாளைக்கு ஆபீஸ்ல இதே தப்பைப் பண்ணா ஒரு தளமே நிக்கும்.

கேள்வி: எல்லாம் கிளவுடுக்குப் போயாச்சே, எம் பையன் இதைப் போய் உக்காந்து படிக்கிறானே, பிரயோஜனம் உண்டா? - ஒரு அப்பா, ஈரோடு

பதில்: தாராளமா படிக்க விடுங்க ஐயா. கிளவுடுங்கறது வேற ஊர்ல இருக்கிற இன்னொருத்தர் சர்வர், அந்த சர்வரும் ஒரு நாள் டப்பாவுல வந்து ரேக்ல ஏறி, வெறும் இரும்பாத்தான் நின்னிருக்கும். ஓபன்ஸ்டாக்ல அயர்னிக்னு ஒரு பகுதியே இதுக்குத்தான் இருக்கு, கனோனிக்கலோட மாஸும் இதே வேலைதான். 2024 ஜூலை 19ல கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட்டால 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையோட நின்னுச்சே, அதுல நிறைய மெஷின் நெட்டே வராம, தூரத்துல இருந்து தொட முடியாம இருந்துச்சு. ஒவ்வொண்ணா பென் டிரைவோட போனவங்க பல நாள் நடந்தாங்க, மைக்ரோசாஃப்ட் குடுத்த மீட்புக் கருவியில பிக்ஸி வழியும் ஒண்ணு இருந்துச்சு. அன்னிக்கு பிக்ஸி ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்த எடத்துல வேலை எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கேள்வி: எங்க கிக்ஸ்டார்ட்ல ரூட் பாஸ்வேர்டு அப்படியே எழுதியிருக்கு. உள் நெட்வொர்க்தானே, யாரு பாக்கப் போறாங்கன்னு மேனேஜர் சொல்றாரு. - வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: அந்த ஃபைல் ஹெச்டிடிபில இருக்கு, உள் நெட்வொர்க்ல இருக்கிற எந்த மெஷின்ல இருந்தும் பிரவுசர்ல அடிச்சா பாஸ்வேர்டு எழுத்து எழுத்தா தெரியும். இப்பவே மேனேஜர் மெஷின்லயே தொறந்து காட்டுங்க, அதுக்கு மேல பேச வேண்டி வராது. ரூட்டை லாக் பண்ணிட்டு எஸ்எஸ்ஹெச் சாவி மட்டும் போடுங்க, பாஸ்வேர்டு வேணும்தான்னா எஸ்ஹெச்ஏ-512 ஹேஷா போடுங்க, போட்டு முடிச்சதும் மாத்திடுங்க. இன்ஸ்டாலுக்குன்னு தனி விலான் வைங்க. பிக்ஸி எழுதுன காலத்துல உள்ள இருக்கிற எல்லாரையும் நம்பினாங்க, பாக்கெட்டுக்கு கையெழுத்தெல்லாம் கெடையாது, மொதல்ல யாரு பதில் சொல்றாங்களோ அவங்க குடுக்கிறதை ஓட்டிடும். 2024 ஜனவரியில யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர்ல நெட்வொர்க் பூட் பகுதியிலயே ஒன்பது ஓட்டை வெளிய வந்துச்சு, பிக்ஸிஃபெயில்னு பேரு, ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருக்கான்னு பாத்துப் போட்டுடுங்க. கையெழுத்தில்லாத பூட்லோடரைத் தடுக்குற செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணாத்தான் ஓடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கையெழுத்துப் போட்ட ஷிம்ங்கற முதல் பூட்லோடரையும் அதோட வர்ற கிரப்பையும் டிஎஃப்டிபில வெச்சா ஆன்லயே ஓடும்.

கேள்வி: பாதி சர்வர் மட்டும் கிக்ஸ்டார்ட் எடுக்குற எடத்துல நிக்குது, ஒரே மாடல், ஒரே சுவிட்ச், ஒரே ஃபைல். ஹெச்டிடிபிஎஸ்ல வெச்சிருக்கோம். இன்னொண்ணு, பிக்ஸி பூட்டுக்கு ஒவ்வொரு தடவையும் மானிட்டரோட ஓட வேண்டியிருக்கு. - ஸ்ரீபெரும்புதூர்

பதில்: அந்தப் பாதி சர்வரோட பயாஸ்ல தேதியைப் பாருங்க. கடிகாரம் தப்பா இருந்தா சர்டிஃபிகேட் இன்னும் செல்லுபடியாகலன்னோ காலாவதின்னோ நினைச்சு கதவைச் சாத்திக்கும். டப்பாவுல ரொம்ப நாள் கெடந்த சர்வருக்கு இது சகஜம்.

மானிட்டரோட ஓட வேணாம். சர்வரை தூரத்துல இருந்தே கட்டுப்படுத்துற ஐடிராக்கோ ஐஎல்ஓவோ இருக்குமில்ல, அதுக்கு ஐபிஎம்ஐ டூல்ல சேசிஸ் பூட்டெவ் பிக்ஸின்னு அடிச்சா அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் நெட்வொர்க்ல வரும், அதுக்கடுத்த பூட்ல தானா பழைய பூட் வரிசைக்குத் திரும்பிடும். யூஇஎஃப்ஐ மெஷின்ல கடைசியில எஃபிபூட்டுன்னு ஆப்ஷன் சேக்க மறக்காதீங்க, இல்லன்னா சில மெஷின் பழைய பயாஸ் முறைக்குத் தாவி, ஓஎஸ்ஸும் அந்த முறையிலயே ஏறிடும். புது சர்வர்னா அதே வேலைக்கான புது முறை ரெட்ஃபிஷ்ல பூட் டார்கெட் பிக்ஸி, ஒரு தடவை மட்டும்னு ஒரு கர்ல் போதும். அந்த கர்லை பட்டியல்ல இருக்கிற ஐபிக்கெல்லாம் சுத்தி ஓட விடுங்க, ஆனா முதல் நாள் பட்டியல்ல ஒரே ஒரு ஐபி வெச்சு, அந்த ஒரு சர்வர் லாகின் கேக்குற வரைக்கும் உக்காந்து பாத்துட்டு அப்புறம் அடுத்ததைச் சேருங்க.